உஷார்! அந்தச் சுண்ணாம்பைக் கீழே வையுங்கள்

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கொஞ்சம். துணி துவைக்கும் சோடா கொஞ்சம். இரண்டையும் குழைத்து, தீக்குச்சி முனையில் தொட்டு, கழுத்தில் இருக்கும் மருவின் தலையில் வைக்க வேண்டும். "மூணே நாள்ல தானா உதிர்ந்துடும், தழும்புகூட இருக்காது" என்று ஒரு குரல் சத்தியம் செய்யும். யூடியூபில் 'மரு உதிர' என்று தட்டிப் பாருங்கள். இதே செய்முறை பல வேடங்களில் வந்து நிற்கும். ஒருவர் சோடாவுக்குப் பதில் சோப்புத்தூள் என்பார், இன்னொருவர் பற்பசை என்பார். சுண்ணாம்பு மட்டும் மாறாது.

அந்த வீடியோக்கள் சொல்லாமல் விடுவதை இங்கே சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பும் துணி சோடாவும் ஈரத்தில் கலந்தால் ஒரு பக்கம் சாக்கட்டித் தூள் படியும், மறுபக்கம் காஸ்டிக் சோடா உருவாகும். அந்தக் காலத்தில் தொழிற்சாலைகளில் காஸ்டிக் சோடா தயாரித்ததே இந்த முறையில்தான். அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் கொட்டுகிறோமே, அதே சரக்கு. அதைத்தான் தாலிச் சரடு உரசும் கழுத்திலும், கண்ணுக்கு அரை அங்குலம் கீழேயும் நம்மவர்கள் தொட்டு வைக்கிறார்கள்.

அமிலம் பட்டால் தோலில் உள்ள புரதம் உறைந்து ஒரு கெட்டிப் பொருக்கு உண்டாகும். அந்தப் பொருக்கே அமிலம் மேற்கொண்டு இறங்காமல் ஓரளவு தடுத்துவிடும். காரம் அப்படி நிற்காது. கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, தனக்குத் தானே வழி செய்துகொண்டு இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே துடைத்த பிறகும் இறங்கும். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு: ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காது. 'லேசா சுருசுருங்குது, அவ்வளவுதான்' என்று இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைப்பார்கள். மறுநாள் பார்த்தால் மரு கறுத்திருக்கும், அதைச் சுற்றியுள்ள நல்ல தோலும் வெந்திருக்கும். மரு உதிரும் என்று வீடியோ சொன்னது பொய்யில்லை. கூடவே எது உதிரும் என்பதற்குத்தான் அது வாய் திறப்பதில்லை.

ஏற்கெனவே வைத்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், பத்திரிகையை வைத்துவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறங்கள். முதலில் பஞ்சாலோ துணியாலோ பசையை வழித்தெடுங்கள், பிறகு ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள். காரத்துக்கு அமிலம் மாற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைத்துக்கொண்டு எலுமிச்சையோ வினிகரோ ஊற்ற வேண்டாம். அந்தக் கலப்பில் கிளம்பும் சூடு இன்னொரு காயம் உண்டாக்கும். பேனா மை, பற்பசை, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் கழுவிக்கொண்டே கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

இத்தனை ஆர்ப்பாட்டமும் எதற்காக? பெரும்பாலும், ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு சதைத் துணுக்குக்காக.

நாற்பதைத் தாண்டிய உடம்பை ஒருநாள் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் சின்னக் காம்போடு தொங்கும் மென்மையான சதைத் துணுக்குகள் இருக்கலாம். இதை டாக்டர்கள் ஸ்கின் டேக் என்பார்கள், நாம் மரு என்போம். தோலும் தோலும் உரசும் இடம், சங்கிலி உரசும் இடம், சட்டைக் காலர் உரசும் இடம் இவற்றுக்குப் பிடித்தமானவை. உடல் கனத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடுதலாக வரும். பெரியவர்களில் ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவருக்கு ஒன்றாவது இருக்கும்.

முதுகிலும் மார்பிலும் நெற்றியோரத்திலும் பழுப்பாக, கறுப்பாக, தடவினால் சொரசொரவென்று, மெழுகை உருக்கி ஒட்டியதுபோல் சில தடிப்புகள் கிளம்பும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்துவிடுமோ என்று தோன்றும். இதற்கு செபோரிக் கெரட்டோசிஸ் என்று பெயர். வயதும் வெயிலும் சேர்ந்து தோலின் மேல்புறச் செல்களில் உண்டாக்கும் மாற்றம்தான் காரணம். தொற்று கிடையாது. இது புற்றுநோயாகவும் மாறாது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதைத் தவிர இதன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நம்மைப் போன்ற மாநிறத்தவர், கறுப்பு நிறத்தவர் முகங்களில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று வரும். கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் குண்டூசித் தலை அளவில் கறுத்த பொட்டுகள். நடிகர் மார்கன் ஃப்ரீமனின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். டெர்மடோசிஸ் பாப்புலோசா நைக்ரா என்ற இந்த நீளமான பெயரை 1925இல் வைத்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய டாக்டர். கொழும்பில் வெப்பமண்டல நோய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும், சிலருக்கு இருபதுகளிலேயே தொடங்கிவிடும். வயிற்றிலும் மார்பிலும் மிளகு அளவுக்குச் சிவப்பு மச்சம் போல வருவது செர்ரி ஆஞ்சியோமா, நுண்ணிய ரத்தக் குழாய்களின் முடிச்சு. தோலுக்கு அடியில் தொட்டால் நழுவும் மெத்தென்ற உருண்டை கொழுப்புக் கட்டி. இதெல்லாம் வயது வைக்கும் அடையாளம். நரைக்கு நாம் சாயம் பூசுகிறோமே தவிர ஆசிட் ஊற்றுவதில்லை.

மரு என்றதும் நம்மூரில் கோயில் ஞாபகம் வருபவர்கள் உண்டு. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவதும், குளத்தில் வெல்லம் கரைப்பதும் தலைமுறைகளாக நடக்கிறது. அந்த வேண்டுதலோடு எனக்குச் சண்டை இல்லை. உப்பையும் மிளகையும் கோயிலில் போட்டுவிட்டு வந்தால் தோலுக்கு ஒரு சேதமும் இல்லை. சொல்லப்போனால் பலருக்குப் பலிக்கவும் செய்யும். விரலிலும் முழங்காலிலும் வைரஸால் வரும் சொரசொர மரு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு வருவது, மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். ஆனால் வயதில் வரும் கழுத்து மரு வைரஸ் மரு இல்லை. அது தானாகப் போகாது. 'வேண்டிக்கிட்டும் போகலையே' என்று பொறுமை இழக்கிறவர்கள்தான் வீடியோக்காரரிடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீடியோக்காரர்களிடம் சுண்ணாம்பு தவிர வேறு ஆயுதங்களும் இருக்கின்றன. எருக்கம்பால் முதலிடம். கண்ணிமை மருவில் அதைத் தொட்டு வைக்கச் சொல்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. எருக்கம்பால் ஒரு சொட்டு கண்ணுக்குள் போனால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். அதுவும் பெரிதாக வலி இல்லாமலே மங்கக்கூடும் என்பதால் ஆட்கள் தாமதித்தே கண் டாக்டரிடம் வருகிறார்கள். கருவிழியின் உட்புறச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

முந்திரிக்கொட்டை எண்ணெயும் சேங்கொட்டைப் பாலும் கிராமப்புறங்களில் இன்னும் புழக்கத்தில் உள்ளவை. வண்ணார் துணியில் அடையாளம் போடப் பயன்பட்ட கொட்டைதான் சேங்கொட்டை. துணியிலேயே அழியாத கறை வைப்பது தோலில் என்ன செய்யும்? வைத்த இடத்தில் வேகும். அது போதாதென்று, இரண்டு மூன்று நாளில் ஒவ்வாமை கிளம்பி முகமே வீங்கிக் கொப்புளம் கட்டும். பூண்டை நசுக்கி வைத்து பிளாஸ்திரி போட்டு இரவு முழுக்க விடுவது இன்னொரு கைங்கரியம். பச்சைப் பூண்டு தோலைக் கொப்புளிக்க வைக்கும் அளவுக்குப் புண்ணாக்கும். சமையலறையில் இருப்பதெல்லாம் சாது என்ற நினைப்பு நமக்கு. மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தேய்த்தவர்களுக்கு அந்த நினைப்பு எப்படி மிஞ்சுகிறது என்பது எனக்குப் புரியாத விஷயம்.

குதிரைவால் முடியாலோ தலைமுடியாலோ மருவைக் கட்டி இறுக்குவதைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். மெல்லிய காம்புள்ள மருவை நூல் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தி உதிர வைப்பது டாக்டர்களும் செய்கிற முறைதான். வித்தியாசம் சுத்தத்தில் இருக்கிறது, எந்த மருவைக் கட்டலாம் என்று பார்க்கும் கண்ணிலும் இருக்கிறது. வீட்டில் கட்டும்போது இறுக்கம் பாதியில் நிற்கும். மரு சாகாமல் வீங்கும், கறுக்கும், சீழ் கோக்கும். சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்தப் புண் ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நகவெட்டியால் 'டக்'கென்று நறுக்கிவிடும் தைரியசாலிகளுக்கும் ஒரு வார்த்தை: மருவின் காம்புக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. இதய அடைப்புக்காக ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ தினமும் விழுங்குகிறவர் என்றால், அந்தச் சின்ன வெட்டில் வரும் ரத்தம் லேசில் நிற்காது.

அடுத்தது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கால் ஆணி மருந்து. சாலிசிலிக் அமிலம் கலந்தது. பாதத்தின் தடித்த தோலுக்கும் வைரஸ் மருவுக்கும் உருவான சரக்கு அது. கழுத்துத் தோலும் கண்ணிமைத் தோலும் அந்த வீரியத்தைத் தாங்காது. பெட்டியிலேயே முகத்தில் போடாதே, மச்சத்தில் போடாதே, சர்க்கரை உள்ளவர் டாக்டரைக் கேள் என்று அச்சிட்டிருப்பார்கள். நாம் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தானே குப்பியைத் திறக்கிறோம்.

ஆன்லைனில் 'மரு, மச்சம் இரண்டையும் அகற்றும்' என்று விற்கும் சொட்டு மருந்துகளும் களிம்புகளும் இன்னும் மோசம், ஏனென்றால் சிலவற்றில் என்ன இருக்கிறது என்பதே உறையில் ஒழுங்காக இருக்காது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, வீட்டிலேயே மச்சத்தையும் மருவையும் அகற்றிக்கொள்ளும்படியான எந்த மருந்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அறிவித்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் இப்படிப்பட்ட பொருட்களை விற்றதற்காக அமேசான் உட்பட மூன்று நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. 'அமெரிக்கத் தயாரிப்பு' என்ற ஒட்டுச்சீட்டைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்தச் செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்தை விட்டுத் தள்ளி, காசு கொடுத்து அழகு நிலையத்துக்குப் போகிறவர்களும் தப்பித்துவிடவில்லை. மகளுக்கு முகூர்த்தம் வைத்தாயிற்று, அறுபதாம் கல்யாணத்துக்கு போட்டோகிராபர் வருகிறார், அதற்குள் முகம் பளிச்சென்று ஆக வேண்டும். 'ஒரே சிட்டிங், ஒரு மருவுக்கு இவ்வளவு' என்று ரேட் கார்டு நீட்டுவார்கள். கையில் சூட்டு ஊசி. அந்த ஊசி இதற்கு முன் யார் கழுத்தைத் தொட்டது என்று கேட்டீர்களா? ரத்தம் படும் ஊசியைச் சரியாகச் சுத்திகரிக்காமல் அடுத்தவருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் பயணப்பட அது போதும்.

நம் தோலுக்கென்று தனியாக ஒரு கணக்கும் இருக்கிறது. மாநிறத் தோலில் எங்கே சூடு பட்டாலும் அந்த இடம் கறுக்கும். கறுப்பு மங்க மாதக் கணக்காகும், சிலருக்கு அதற்கும் மேல். திரவ நைட்ரஜனால் உறைய வைத்தால் தலைகீழாக நடக்கும். நிறம் தரும் செல்கள் மற்ற செல்களைவிடக் குளிருக்கு முன்னதாகவே செத்துப்போகும் என்பதால் மரு போய் அங்கே வெள்ளைத் திட்டு உட்கார்ந்துகொள்ளும். மார்பு, தோள்பட்டை, காது மடல் பக்கம் கை வைத்தால் கீலாய்டு என்ற தழும்புக் கட்டி வளரலாம். குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடம் தடித்து வளர்ந்திருந்தால் இரட்டை எச்சரிக்கை. இந்தச் சூட்டு ஊசியும் உறைய வைக்கும் முறையும் தோல் டாக்டர்களிடமும் உண்டு. ஆனால் அவர்கள் உங்கள் நிறத்தைப் பார்த்து அளவைக் குறைப்பார்கள், ஓரமாக ஒரே ஒரு மருவில் செய்து பார்த்துவிட்டு மீதியைத் தொடுவார்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எந்த நல்ல டாக்டரும் முகத்தில் கை வைக்க மாட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் தோலோடு போகிற நஷ்டம். மரு சொல்ல வந்த சேதியைக் கேட்காமல் அதன் வாயை அடைப்பது வேறு வகை நஷ்டம்.

கழுத்தில் திடீரென்று கொத்துக் கொத்தாக மரு, கூடவே பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்துப்போவது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 'அழுக்கு, தேய்த்துக் குளி' என்று சொல்லாதீர்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். உடம்பு இன்சுலினுக்கு மசிய மறுக்கும்போது கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கும். அந்த உபரி இன்சுலின் தோல் செல்களையும் வளரத் தூண்டிவிடும். கறுப்பும் மருவும் அதன் விளைவு. சர்க்கரை நோய் வருவதற்குச் சில வருடங்கள் முன்பாகவே கழுத்து இப்படிப் பேச ஆரம்பித்துவிடும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். மருவைச் சுட்டுக்கொள்ளச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கு இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்த்துவிடலாம்.

கண்ணிமையின் மூக்கோரத்தில் மஞ்சளாகப் படியும் திட்டும் இப்படித்தான். சாந்தலாஸ்மா என்று பெயர், கொலஸ்ட்ரால் படிவு. இது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு சரியாகவே இருக்கும். அதனால் நிம்மதி அடைந்துவிடலாமா? டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சுமார் 12,700 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தக் கொழுப்பின் அளவு எப்படி இருந்தாலும், இந்த மஞ்சள் திட்டு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு கூடுதலாக இருப்பது தெரிந்தது. திட்டை லேசரில் எடுத்துவிட்டால் கண்ணாடியில் முகம் அழகாகிவிடும். இதயம் இருந்த இடத்தில் இருந்தபடியேதான் இருக்கும்.

முன்பு சொன்ன மெழுகுத் தடிப்பு, அதாவது செபோரிக் கெரட்டோசிஸ், பற்றியும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, அரிதானது. சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், முதுகெங்கும் டஜன் கணக்கில் புதிதாகக் கிளம்பி அரிக்கவும் செய்தால் டாக்டர்கள் வயிற்றுக்குள் தேடுவார்கள். இரைப்பைப் புற்றுநோயின் வெளி அடையாளமாக எப்போதாவது இது வரும். லெசர், ட்ரெலா என்ற இரண்டு அறுவை மருத்துவர்களின் பெயரால் அழைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் இருவரும் உண்மையில் பார்த்தது செர்ரி ஆஞ்சியோமா என்ற அந்தச் சிவப்புப் புள்ளிகளைத்தான் என்கிறார்கள். பெயர் எப்படியோ இதற்கு ஒட்டிக்கொண்டது. வருடத்துக்கு ஒன்று இரண்டாக நிதானமாக வருவதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதவே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். மரு என்றும் மச்சம் என்றும் நினைத்துச் சுட்டுத் தள்ளுகிறோமே, அது மருவே இல்லை என்றால்?

மச்ச சாஸ்திரம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த இடத்தில் மச்சம் இருந்தால் என்ன யோகம் என்று வாரப் பலனோடு சேர்த்துப் போடுவார்கள். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் வெளியூர், வெளிநாட்டுப் பயணம் அமையும் என்பது அதில் பிரசித்தம். பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சம் என்றால் சந்தோஷமாகப் பயணம் போங்கள். ஐம்பது வயதில் உள்ளங்காலில் புதிதாக ஒரு கரும்புள்ளி முளைத்தால் விமான டிக்கெட்டைத் தேடாதீர்கள், தோல் டாக்டரைத் தேடுங்கள். தோல் புற்றுநோய்களில் மிகப் பொல்லாதது மெலனோமா. வெள்ளைக்காரர்களுக்கு அது வெயில் படும் இடங்களில் வரும். கறுப்பு, மாநிறத் தோலில் அது அபூர்வம், ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களையே தேர்ந்தெடுக்கும். யாரும் பார்க்காத இடங்கள். பார்த்தாலும் முள் குத்தியது, கல் இடித்தது என்று விட்டுவிடும் இடங்கள்.

ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் வலது கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது இதுதான். கால்பந்து ஆடியதில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். விரலை எடுத்துவிடச் சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. நகத்தையும் அதன் அடிச்சதையையும் மட்டும் எடுத்து, தொடைத் தோலை வைத்து ஒட்டினார்கள். நோய் மூளை வரை பரவி 1981 மே 11 அன்று இறந்தபோது அவருக்கு வயது 36. கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று சொல்கிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்? புள்ளியின் ஒரு பாதி மறுபாதியைப் போல இல்லாமல் கோணலாக இருப்பது, ஓரம் தெளிவில்லாமல் கசிந்து கிடப்பது, ஒரே புள்ளிக்குள் கறுப்பு, பழுப்பு, சாம்பல், சிவப்பு என்று பல நிறம் தெரிவது, பென்சிலின் பின்பக்க ரப்பரைவிடப் பெரிதாக இருப்பது. எல்லாவற்றையும்விட முக்கியம், சில மாதங்களில் மாறிக்கொண்டே வருவது. உடம்பில் இருக்கும் மற்ற மச்சங்களோடு ஒட்டாமல் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தால் அதைத் தனியாகவே கவனியுங்கள். நகத்தில் நீளவாக்கில் ஒரு கருங்கோடு மாதிரி இருப்பது நம் நிறத்தில் பலருக்கும், பல விரல்களிலும் இருக்கும், பயமில்லை. ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றி, அகலமாகிக்கொண்டே போய், நகத்தின் அடித்தோலிலும் கறை ஏறினால் அது வேறு கதை.

மூக்கிலோ கன்னத்திலோ முத்துப்போல் மினுங்கும், நடுவில் பள்ளம் விழும், அடிக்கடி பொருக்குத் தட்டி ரத்தம் கசியும் சின்ன உருண்டையும் மரு இல்லாமல் போகலாம். பேசல் செல் கார்சினோமா என்ற அந்தப் புற்று நம் தோலில் பெரும்பாலும் கறுப்பாகவே வரும் என்பதால் மச்சம் என்றே நம்ப வைத்துவிடும். ஒரு மாதத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் மரு என்று கூப்பிடாதீர்கள். பல பத்தாண்டுகள் பாவாடை நாடா இறுக்கிக் கட்டிய இடுப்பில் தோல் தடித்து, வெடித்து, ஆறாத புண்ணாகிப் புற்றாக மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் இடுப்புத் தழும்பை யாரிடமும் காட்டியதில்லை. அம்மாக்களாவது காட்டட்டும்.

சூட்டு ஊசியும் களிம்பும் ஏன் இங்கே உயிர் வாங்கும் என்பதை இப்போது சொன்னால் புரியும். மெலனோமா எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை டாக்டர்கள் கணிப்பது, அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் அளந்துதான். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் சிகிச்சையும் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. சுட்டுப் பொசுக்கிய பிறகு அளக்க எதுவும் இருக்காது. மேலே தழும்பு மூடிவிடும், அடியில் மிச்சமிருப்பது தழும்புக்குக் கீழே சத்தமில்லாமல் வளரும். 'போன வருஷம் ஒரு மச்சத்தை எடுத்தேன் டாக்டர், திரும்ப அதே இடத்தில் வருது' என்று போகும்போது, முதலில் எடுத்தது என்ன என்று சொல்ல யாராலும் முடியாது.

ஆகவே எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாலிச் சரடில் மாட்டி ரத்தம் வருகிறதா, சவரக் கத்தி படுகிறதா, கண்ணை மறைக்கிறதா, அல்லது உங்களுக்குப் பிடிக்கவில்லையா, எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்பதும் நியாயமான காரணம்தான்; அறுபது வயதுக்காரிக்கு எதற்கு அழகு என்று கேட்கிறவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். தோல் மருத்துவத்தில் எம்.டி.யோ டிப்ளமோவோ படித்தவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, வரிசையில் நிற்கும் பொறுமை மட்டும் வேண்டும். டெர்மோஸ்கோப் என்ற பூதக்கண்ணாடிக் கருவியை வைத்துப் பார்த்தே பெரும்பாலானவற்றை அவர்கள் இது மரு, இது மெழுகுத் தடிப்பு என்று சொல்லிவிடுவார்கள். சாதாரணக் கழுத்து மரு என்றால் மரத்துப்போகும் களிம்பைத் தடவிவிட்டுச் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், லேபுக்கு அனுப்பவும் தேவையிருக்காது. கொழுப்புக் கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தாலோ, இறுகினாலோ, வலித்தாலோ அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டி ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது.

போகும்போது சில விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறேன், காது குத்திய இடம் தடித்தது, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் மின்சாரத்தால் சுடும் கருவி அதோடு மோதக்கூடும். முன்பு சுண்ணாம்போ களிம்போ வைத்திருந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லிவிடுங்கள். வெந்த மருவும் கெட்ட புற்றும் டெர்மோஸ்கோப்பில் சில சமயம் ஒன்றுபோலத் தெரியும்.

கறுத்த எதையாவது எடுக்கிறார்கள் என்றால், "இதை பயாப்ஸிக்கு அனுப்புறீங்களா?" என்று கேளுங்கள். வேண்டியதில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் அதற்குக் கோபப்பட மாட்டார், காரணம் சொல்வார். சுடுவதற்குப் பதில் வெட்டி எடுக்க வேண்டியது எது என்பதையும் அவரே சொல்வார். அனுப்பினால் ரிப்போர்ட்டை நீங்களே போய் வாங்கிக்கொண்டு வந்து, சர்க்கரை ரிப்போர்ட் வைத்திருக்கும் அதே ஃபைலில் தேதி போட்டு வையுங்கள்.